பழைய லென்ஸைச் ‘செட்’டாக வாங்காதீர்கள்: தருமபுரிப் பக்கம் 22,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த அனுபவம்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் பிலிம் கேமராவுக்குப் பழைய மேனுவல் லென்ஸ், அதாவது கையால் போகஸ் செய்கிற லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போன மே மாதம் 22,000 ரூபாய்க்கு மூன்று லென்ஸ் வாங்கினேன். ஒன்று மட்டும்தான் சரியாக இருந்தது. மற்ற இரண்டும் என் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யவே வழியில்லாதவை. விற்றவருக்கு அது தெரியும் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் எஃப்எம்2. 1982-ல் வந்த மாடல். ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி, வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். சித்தப்பா கொடுத்தது, பாடி மட்டும், லென்ஸ் இல்லாமல். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஆயாவின் மாந்தோப்பு இருக்கிறது. தாத்தா நட்ட செந்தூராவும் பெங்களூராவும். காய்ப்பு குறைந்துவிட்டதால் அந்த அறுப்போடு பாதித் தோப்பை வெட்டிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வெட்டுவதற்கு முன் அந்தக் கடைசி அறுப்பைப் பிலிமில் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மரத்தடியில் நின்றுகொண்டு தலைக்கு மேலே பரவிய கிளை முழுவதையும் அடக்க 28 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். ஆயா முகத்தைத் தூரத்தில் இருந்து, அவர் கவனிக்காதபோது எடுக்க 105 அல்லது 135. மற்ற எல்லாவற்றுக்கும் 50. இந்தக் கணக்கு இன்றைக்கும் சரி என்றே சொல்வேன். நிக்கானின் 28 எஃப் 2.8, 50 எஃப் 1.8, 105 எஃப் 2.5 மூன்றுக்கும் பில்டர் அளவு ஒன்றுதான், 52 மில்லிமீட்டர். கறுப்பு வெள்ளைக்கு ஒரு மஞ்சள் பில்டர் வாங்கினால் மூன்றுக்கும் ஆகும். மூன்று லென்ஸ் வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை, மூன்றையும் ஒரே ஆளிடம், ஒரே மொத்த விலையில், ஒரே நாளில் வாங்கியதுதான் தவறு.

விளம்பரத்தில் சிவப்பு வெல்வெட் துணிமேல் மூன்று லென்ஸ்கள் இருந்தன. ‘ஸ்டூடியோவை மூடிவிட்டோம், அப்பா பொக்கிஷமாக வைத்திருந்தது, நிக்கானுக்கான 28, 50, 135, செட்டாக மட்டும்’ என்று போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தருமபுரி தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல வரவேற்பு, காபி. சுவரில் பழைய கல்யாணப் படங்கள். அலமாரியில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் ‘இந்து’ பிலிம் டப்பா ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்த காலத்து ஆட்கள், இவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் 50-ஐ எடுத்து என் கையில் கொடுத்தார். உண்மையிலேயே அருமையான லென்ஸ். போகஸ் ரிங் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்றியது. பின்பக்கம் இருக்கிற சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளையின் இதழ்கள் டக்கென்று மூடித் திறந்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன், தூசிகூட அதிகம் இல்லை. அந்த ஒரு லென்ஸைப் பார்த்த கண்ணோடுதான் மற்ற இரண்டையும் பார்த்தேன். 28-ஐ மாட்டி அலமாரியைப் பார்த்தேன், 135-ஐ மாட்டிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். போகஸ் ஆனது. போதும் என்று தோன்றியது.

“அண்ணா, 28 ஏஐ லென்ஸ்தானே?” என்று கேட்டேன். என் கேமராவின் மீட்டரோடு ஒத்துப்போகிற வகைதானே என்று அர்த்தம்.

“நிக்கான் மவுண்ட், லென்ஸ் மாட்டுற வாய், 1959-ல இருந்து ஒண்ணுதான் தம்பி. எந்த லென்ஸும் எந்த பாடியிலயும் உட்காரும். நீங்களே மாட்டிப் பாத்தீங்கல்ல?”

50 மட்டும் தருவீர்களா என்றும் கேட்டேன். “ஒண்ணைப் பிரிச்சா மத்தது நிக்கும் தம்பி. அப்பா பொருள், ஒரே கைக்குப் போகட்டும்” என்றார். மற்றது விற்காமல் நிற்கும் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குத்தான் அப்போது காதில் ஏறவில்லை. மொபைலில் பணம் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். பில் கேட்கவில்லை.

அறுப்பு நாளில் மூன்று ரோல் எடுத்தேன். 108 படம்.

ரோல் கழுவி வருவதற்கு முன் ஒரு மாலை 135-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனபோதே முதல் அடி விழுந்தது. எஃப்எம்2 வ்யூஃபைண்டரின் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு இருக்கும். போகஸ் சரியில்லை என்றால் கோட்டுக்கு மேலே இருக்கிற பாதியும் கீழே இருக்கிற பாதியும் விலகி நிற்கும், சரியானால் சேரும். எதிரே தெரிந்த மலை விளிம்பில் வைத்து ரிங்கைச் சுற்றினேன். முடிவு வரை போய் இடித்து நின்றது. இரண்டு பாதியும் சேரவில்லை. மலைக்கு இரண்டு விளிம்பு. கரையில் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன், அதுவும் சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்குக் கொண்டுவந்தேன், உடனே சேர்ந்தது.

லென்ஸைக் கழற்றிப் பார்த்தபோதுதான் பின்னால் இருக்கிற வளையம் தனி என்று தெரிந்தது. லென்ஸின் ஒரு பாகம் என்று நினைத்திருந்தேன். வேறு கேமராவின் லென்ஸை மாட்டுவதற்காக இறுக்கித் திருகிவிட்ட அடாப்டர் அது. உள்ளே இருந்தது பிராக்டிகா, ஜெனிட் மாதிரிக் கேமராக்களுக்கான எம்42 திருகு லென்ஸ். நிக்கான் லென்ஸே இல்லை.

இதன் கணக்கு எளிது. லென்ஸ் உட்காருகிற இடத்துக்கும் பிலிமுக்கும் இடையே உள்ள தூரம் எம்42-க்கு 45.46 மில்லிமீட்டர், நிக்கானுக்கு 46.5. அதாவது எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால் அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக முன்னால் தள்ளி நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் 135 லென்ஸில் என்ன செய்யும் தெரியுமா? ஏறக்குறைய 17, 18 மீட்டருக்கு அப்பால் எதுவும் போகஸ் ஆகாது. 50 மில்லிமீட்டர் எம்42 லென்ஸாக இருந்தால் இரண்டரை மீட்டரிலேயே நின்றுவிடும். இடையில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் இதைச் சரிக்கட்டும், ஆனால் படத்தின் கூர்மை போகும். இந்த லென்ஸே பென்டாக்ஸ் கே1000 வைத்திருக்கிறவரிடம் போயிருந்தால் சரியான அடாப்டரோடு மலையும் தெளிவாக விழுந்திருக்கும், ஏனென்றால் அங்கே இரண்டு தூரமும் ஒன்றுதான். வீட்டு ஹாலில் காலண்டர் வரைக்கும் நாலு மீட்டர்கூட இருக்காது. அங்கே வைத்துக் காட்டினால் குறை எப்படித் தெரியும்? நான் வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றபோது “வெயில் கொளுத்துது, உள்ளயே பாருங்க தம்பி” என்று அவர் சொன்னதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

28-இன் விஷயம் ரோல் கழுவி வந்தபிறகுதான் தெரிந்தது. 50-இல் எடுத்த படங்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. 28-இல் எடுத்தவை ஒன்று தவறாமல் இருட்டு. மரநிழல் எல்லாம் சேறு பூசிய மாதிரி, புள்ளி புள்ளியாக. கிளைக்கு அடியில் கூடை வைத்துக்கொண்டு ஆயா நின்ற படத்தில் புடவையின் வெள்ளைக் கரை மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடிப்போனால் தாங்கும், குறைந்துபோனால் தாங்காது. லேபில் எவ்வளவு முயன்றும் மீட்க முடியவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். லேபைக் கேளுங்கள் என்றார். 135-ஐப் பற்றிச் சொன்னதும் “பழைய லென்ஸ்னா அப்படி இப்படித்தான் இருக்கும் தம்பி” என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பெங்களூருவில் கேமரா பழுது பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். 28-ஐ வாங்கி முன்பக்க எழுத்தைப் படித்தவுடனேயே தலையாட்டினார். ‘நிக்கர்-எச்’ என்று இருந்தது. எச் என்றால் உள்ளே ஆறு கண்ணாடி. இப்படிப் பெயரோடு ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அந்த லென்ஸ் 1977-க்கு முந்தையது. 1977-ல்தான் நிக்கான் ஏஐ முறையைக் கொண்டுவந்தது. செயற்கை நுண்ணறிவு இல்லை. லென்ஸ் எந்த அப்பர்ச்சரில் இருக்கிறது என்பதை அப்பர்ச்சர் ரிங்கின் விளிம்பே கேமராவின் சின்ன நாக்கைத் தள்ளி மீட்டருக்குச் சொல்கிற ஏற்பாடு. மவுண்ட் 1959-ல் இருந்து ஒன்றுதான் என்று விற்றவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிதான் விஷயமே. 1977-க்கு முந்தைய லென்ஸை அப்படியே எஃப்எம்2-இல் மாட்டினால் அந்த நாக்கே உடையக்கூடும். எஃப்எம், எஃப்இ என்ற பழைய நிக்கான் மாடல்களில் நாக்கை மேலே தூக்கிவிட்டுக்கொள்ளலாம், எஃப்எம்2-இல் முடியாது.

என் கேமராவில் உடையாமல் மாட்டியது எப்படி? பெரியவர் ரிங்கின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. மார்க்கர் மை. அதற்கு அடியில் அலுமினியம் பளபளவென்று, அரம் இழுத்த கோடு கோடாகத் தெரிந்தது. யாரோ கையால் ராவியிருக்கிறார்கள், அதுவும் அளவு தப்பாக. நிக்கானே அந்தக் காலத்தில் ரிங்கை மாற்றிக் கொடுத்திருக்கிறது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் சரியான அளவில் வெட்டிக் கொடுத்த லென்ஸ்களும் உண்டு, அவற்றைத் தாராளமாக வாங்கலாம். இதில் வெட்டு தப்பான இடத்தில் முடிந்ததால் மீட்டருக்குப் போனது பொய்த் தகவல். ஒரே வெள்ளைச் சுவரைப் பார்த்து 50-ஐயும் 28-ஐயும் எஃப் 8-இல் வைத்துச் சோதித்தோம். 50-இல் ஷட்டர் வேகம் 125-க்கு ‘சரி’ என்று எரிந்த மீட்டரின் நடு விளக்கு 28-இல் 500-க்கு எரிந்தது. இரண்டு ஸ்டாப், அதாவது வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்குதான் பிலிமில் விழுந்திருக்கிறது. ராவியதையாவது பழைய வேலை என்று விட்டுவிடலாம். ராவிய இடத்தில் மை பூசி மறைத்திருப்பதால்தான் இது தெரிந்தே செய்தது என்கிறேன்.

135-இன் பின்பக்கக் கண்ணாடியில் பூஞ்சையும் இருந்தது. வெல்வெட் துணிமேல் வைத்து முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னால் இருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்னால் இருந்து பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பரவாயில்லை. பூஞ்சை வேர் மாதிரி கிளை விட்டு ஓடும். பால் கலந்த மாதிரி மங்கல் இருந்தாலும் வேண்டாம். பூஞ்சையைத் துடைக்கலாம், ஆனால் அது கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. தோல் உறையோடு தருகிறேன் என்றால் சந்தோஷப்படாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வருஷக்கணக்காக அதற்குள்ளேயே கிடந்த லென்ஸைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

அப்பர்ச்சர் இதழைப் பற்றியும் ஒன்று. ஓசூர் நண்பர் ஒருவரின் 55 மைக்ரோவில் (மிக அருகில் எடுக்கிற லென்ஸ்) இதழ்களில் எண்ணெய் இறங்கிவிட்டது. அந்த லென்ஸுக்கு அது வழக்கமான நோய். வ்யூஃபைண்டரில் எப்போதும் லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையில்தான் பார்க்கிறோம். இதழ் சோம்பி மூடுவது கண்ணுக்கே தெரியாது. ஷட்டர் ஓடி முடிந்தபிறகுதான் அது மெல்ல மூடும், படம் வெளிறிப்போகும். எஃப் 16-இல் வைத்து, பின் நெம்புகோலை விரலால் பலமுறை தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டக்கென்று வர வேண்டும். அப்பர்ச்சர் ரிங்கில் எண்கள் ஒரே வரிசையாக இருந்தால் ஏஐ இல்லை. ஏஐ ரிங்கில் மவுண்ட் பக்கம் இன்னொரு வரிசை சிறிய எண்கள் இருக்கும். வெளியே போய், கண்ணுக்கு எட்டுகிற கடைசி மலையைப் பார்த்துப் போகஸ் செய்யுங்கள். நம் மாவட்டங்களில் மலைக்குப் பஞ்சமில்லை.

இதை எல்லாம் ஆயாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “அடியில கைவிட்டுப் பாத்தியா?” மண்டியில் கூடை வாங்கும்போது ஆயா மேல் வரிசையைப் பார்க்கவே மாட்டார். கையை நேராக அடிவரை விட்டு, அங்கிருந்து ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்ப்பார். மேல் வரிசையில் நல்ல காயை அடுக்குவது எல்லாருக்கும் தெரிந்த வேலை. அந்த வீட்டு ஹாலில் எனக்கு மேல் வரிசை அந்த 50.

அதனால் சொல்கிறேன். செட்டாகத்தான் தருவேன் என்றால் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி விலை கேளுங்கள். தனி விலை சொல்லத் தயங்குகிற இடத்தில் எந்த லென்ஸ் எதைச் சுமக்கிறது என்பது புரிந்துவிடும். அந்த 50 தனியாக எனக்கு 7,000 ரூபாய்க்குள் கிடைத்திருக்கும். மிச்சம் 15,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ரோல் முடித்து, அதைக் கழுவிப் பார்த்து, இன்னும் என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு நிதானமாக அடுத்ததைத் தேடியிருக்கலாம். வாங்கும்போது உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு தாளிலாவது லென்ஸின் பெயர், சீரியல் எண், விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாததால் என்னால் எங்கேயும் போய்க் கேட்க முடியவில்லை.

போன வாரம் அதே சிவப்பு வெல்வெட் மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. இந்த முறை 35, 50, 200. மூடிய ஸ்டூடியோ, அப்பாவின் பொக்கிஷம், செட்டாக மட்டும். எட்டுப் படம் போட்டிருக்கிறார், லென்ஸின் பின்பக்கம் ஒன்றில்கூட இல்லை. யாராவது பார்க்கப் போவதாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். எஃப்எம்2-ஐயும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கூடவே வருகிறேன்.