வீட்டு ஆசிரியரா, டியூஷன் சென்டரா, ஆன்லைன் வகுப்பா?

பள்ளிப் பாடத்துக்கு வெளியே பிள்ளைக்கு ஒரு துணை வேண்டும் என்று முடிவான பிறகு, அந்தத் துணையை வீட்டுக்கு வரவழைப்பதா, டியூஷன் சென்டருக்கு அனுப்புவதா, ஆன்லைன் வகுப்பில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது. எங்கள் மகளுக்குக் கணக்குப் பாடத்துக்காக வீட்டுக்கு ஓர் ஆசிரியையை வரவழைத்தோம். அந்த முடிவில் எனக்குத் திருப்தி உண்டு என்பதால், இந்த ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் வீட்டு ஆசிரியருக்கே கட்டணம் அதிகம், பலர் சேர்ந்து படிக்கும் சென்டருக்குக் குறைவு. போய்வரும் அலைச்சல் சென்டருக்கு மட்டுமே உண்டு. கூடப் படிப்பவர்களைப் பார்த்து உற்சாகம் பெறும் பிள்ளைகளுக்குச் சென்டரின் சூழல் உதவும். நால்வர் முன்னால் சந்தேகம் கேட்கக் கூசும் பிள்ளைகளுக்கு உதவாது. தன் பிள்ளை இதில் எந்த வகை என்பது பெற்றோருக்கே தெரியும்.

நான் தீர்மானமானதாகக் கருதுவது வேறொன்று: பிள்ளை தவறு செய்யும் அந்தக் கணத்தை யார் பார்க்கிறார்கள்? 83-லிருந்து 47-ஐக் கழிக்கச் சொன்னால் 44 என்று எழுதும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். உண்மையில் அந்தப் பிள்ளை, மூன்றிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து மூன்றைக் கழித்திருக்கிறது. அதாவது எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற விதியைத் தானாகவே வகுத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல இப்படி முறை தவறாத தவறுகளே என்பதை ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் விரிவாகக் காட்டினார்கள். இத்தகைய தவறுக்குக் குறுக்குக்கோடு போட்டுச் சரியான விடையை எழுதிக் கொடுத்தால், பிள்ளை விடையை நகலெடுத்துக்கொள்ளும். விதி அப்படியே இருக்கும்.

இருபது நோட்டுகளைத் திருத்த வேண்டிய ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவர் கைக்கு வந்து சேர்வது விடை மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ பென்சில் எங்கே தயங்கியது, எதை எழுதி அழித்தது என்பதெல்லாம் தெரியும். "எப்படிப் போட்டாய், சொல்" என்று கேட்கவும் அவருக்கு நேரம் இருக்கும். எங்கள் ஆசிரியை சரியான விடைகளுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்பார். தவறான வழியில் தற்செயலாக வந்த சரியான விடைகள் அப்படித்தான் பிடிபட்டன.

தனிப்பயிற்சியை விற்பவர்கள் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையை விரும்பி எடுத்துக்காட்டுவார்கள்: தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பு மாணவர்களில் 98 சதவீதத்தினரை முந்தினார் என்பது அதன் முடிவு. ஒரு பகுதியில் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்ததற்குப் போகும் முறையும் அந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை. பிற்பாடு வந்த தொகுப்பாய்வுகளில் பயன் இதைவிடக் குறைவாகவே தெரிகிறது. அவற்றுள் கர்ட் வான்லென் 2011-இல் செய்த ஆய்வு என் வாதத்தைப் பலப்படுத்துகிறது, கொஞ்சம் சங்கடப்படுத்தவும் செய்கிறது. தனியாகக் கற்பிக்கும் ஆசிரியரால் கிடைத்த பயனும், கணக்கின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் கணினி நிரலால் கிடைத்த பயனும் அதில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன; இறுதி விடையை மட்டும் சரிபார்க்கும் நிரல்களின் பயன் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே பலன் தருவது ஆசிரியர் வீட்டுக்கு வருவது அன்று, அவர் ஒவ்வொரு படியையும் பார்ப்பது. பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டுக் கைபேசியில் மூழ்கும் வீட்டு ஆசிரியர், சுமாரான சென்டரைவிடவும் வீண்செலவு.

இதைச் சேர்ப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். மாதிரி வகுப்பின்போது, பிள்ளை மதிப்பெண் இழந்த பழைய தேர்வுத்தாள் ஒன்றை ஆசிரியரிடம் கொடுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு "அடிப்படை பலவீனம்" என்று பொதுவாகச் சொல்பவரைவிட, பிள்ளையை அழைத்து ஒரு கணக்கை மீண்டும் போடச் சொல்லி மௌனமாகப் பார்ப்பவர் மேல். இதில் மௌனமும் முக்கியம். ஒவ்வொரு படியிலும் குறுக்கிட்டுத் திருத்துபவர் பிள்ளைக்குத் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பைத் தருவதில்லை. ஒரு மாதம் கழித்து, "எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது?" என்று கேளுங்கள். குறிப்பான பதில் வரவில்லை என்றால் ஆளை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

நல்ல ஆசிரியர் அமைந்த பிறகும் இந்தக் கவனிப்பு தேய்ந்துபோவது வீட்டுப்பாடத்தால்தான். மறுநாளைய வீட்டுப்பாடம் முடிந்துவிட்டால் பெற்றோருக்கு நிம்மதி, பிள்ளைக்கு விடுதலை, ஆசிரியருக்கும் அன்றைய வேலை கண்ணுக்குத் தெரிகிறது. எனவே மூவரும் சேர்ந்தே வகுப்பை அந்தப் பக்கம் இழுத்துச் செல்கிறார்கள். பிள்ளை முதலில் தனியாக முயன்று பார்த்த வீட்டுப்பாடத்தை மட்டுமே வகுப்பில் எடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து அதிகமாகிக்கொண்டே போனால், வேலை யாருடையது என்பதில் சந்தேகமே வேண்டாம். வாரத்தில் இரண்டு வகுப்பு ஒன்றாகக் குறைவது எப்போது என்பதையும் ஆரம்பத்திலேயே கேட்டு வையுங்கள்; அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காதவர் கிடைத்தால் நல்லது.

மற்றவை சுருக்கமாக: வகுப்பு கதவு திறந்த பொது அறையில், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம், எவ்வளவு பழகியவராக இருந்தாலும். முன்பு அவரிடம் படித்த ஒரு குடும்பத்திடமாவது நேரில் விசாரியுங்கள். விட்டுப்போன வகுப்புக்குக் கட்டணம் உண்டா, மாற்று வகுப்பு உண்டா என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். பெற்றோரே சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 96 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், பயிற்சி பெற்றவர்கள் கற்பித்தபோது கிடைத்த பயன் தன்னார்வலர்களும் பெற்றோரும் கற்பித்தபோது கிடைத்ததைவிட அதிகமாக இருந்தது. அடுக்களைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

ஆன்லைன் வகுப்பில் என் அனுபவம் சில மாதிரி வகுப்புகளோடு நின்றுவிட்டது. பதிவு செய்த காணொளிகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒருவருக்கு ஒருவர் நேரலையில் நடக்கும் வகுப்பில்கூடக் கேமரா பிள்ளையின் முகத்தைத்தான் காட்டியது, நோட்டை அன்று. கேமராவை நோட்டின் மேல் திருப்பி வைத்தாலோ, இருவரும் பார்க்கும் பலகையில் பிள்ளையை எழுத வைத்தாலோ இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் பார்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

பொதுத்தேர்வை நெருங்கும் பிள்ளைகளுக்கும் என் பரிந்துரையை அப்படியே நீட்ட மாட்டேன். அடிப்படை உறுதியாகி, முழுப் பாடத்திட்டத்தையும் முடித்து நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள் எழுத வேண்டிய கட்டத்தில், அவற்றை முறையாக நடத்தித் திருத்தித் தரும் நல்ல சென்டர் வீட்டு ஆசிரியரை மிஞ்சலாம். மொழிப் பாடங்களைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் மகள் கணக்குக்கு மட்டுமே துணை தேடினாள்.