சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்கள், கணக்கில் கட்டவில்லை: ரிமோட் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

சின்ன ரிமோட் கம்பெனி ஒன்றிலிருந்து ஆஃபர் வந்து, சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது சுமார் 25 பேர் கொண்ட ஒரு மென்பொருள் கம்பெனியில். பதிவு முகவரி பெங்களூரு. ஆனால் அலுவலகம் கிடையாது. கோவை, நெல்லை, கொச்சி என்று ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். சம்பளம், லீவு, ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாமே நிறுவனர் கையில்தான். ஹெச்ஆர் என்று இருந்தவர் எதைக் கேட்டாலும் "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார்.

நிமிடக்கணக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள், ராத்திரி 11 மணிக்கு ஸ்லாக்கில் (கம்பெனிகள் உள்ளுக்குள் பேசிக்கொள்ளும் செயலி) வரும் மெசேஜ் எல்லாம் உண்டு. அவற்றைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். வேலை சம்பந்தமில்லாமல் ஊழியர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்றொரு விதி இருந்தது. அது எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

உடன் வேலை பார்த்த ஒருவர் தன் அப்பாவின் ஆபரேஷனுக்காக பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) முன்பணம் எடுக்க அந்தக் கணக்கின் பாஸ்புக்கைத் திறந்தார். பல மாதங்களாக ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை. போனில் எனக்குச் சொன்னார். என் கணக்கிலும் அதே கதை. பேஸ்லிப்பில் மட்டும் மாதாமாதம் 1,800 ரூபாய் பிடித்தம் (பிஎஃப்புக்குக் கணக்கிடும் சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாயில் 12 சதவீதம்). நிறுவனத்தின் பங்கையும் எங்கள் சிடிசியிலிருந்துதான் (ஆஃபரில் சொன்ன மொத்தச் சம்பளத் தொகை) கழித்திருந்தார்கள்.

பாஸ்புக்கை முதலில் பார்த்த அவர் திங்கட்கிழமை மீட்டிங்கிலேயே நேராகக் கேட்டார். "இதையெல்லாம் எல்லார் முன்னாடியும் கேக்கறதா? தனியா கூப்பிடுங்க" என்றார் நிறுவனர். தனியாகப் பேசியபோது அவரிடம் போர்ட்டலில் கோளாறு என்றார். என்னிடம் உங்கள் கேஒய்சி முடியவில்லை என்றார். இன்னொருவரிடம் முதலீட்டாளர் பணம் வந்ததும் கட்டிவிடுவோம் என்றார். நாங்கள் மூவரும் போனில் பேசிக்கொண்டதால்தான் மூன்றும் வேறு வேறு என்று தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருந்தால் டீ குடிக்கப் போகும்போதே தெரிந்திருக்கும்.

அடுத்த வாரமே கேள்வி கேட்டவரின் ஸ்லாக் கணக்கை முடக்கினார்கள். "அவர் புதிய வாய்ப்பைத் தேடிப் போகிறார், வாழ்த்துவோம்" என்று பொதுவில் ஒரு அறிவிப்பு வேறு. அவர் ராஜினாமாவே செய்யவில்லை. இன்றுவரை அவருக்கு ரிலீவிங் லெட்டர் தரவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

ஊழியரிடம் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது நிர்வாகக் குளறுபடி என்று தள்ளிவிடக்கூடிய விஷயமில்லை. சட்டப்படி அது நம்பிக்கை மோசடிக் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 405இல் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316இல் இருக்கிறது. பிஎஃப்பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இபிஎஃப்ஓவின் குறைதீர்ப்புப் போர்ட்டலில் புகார் கொடுத்தோம். அதன் பிறகு கொஞ்சம் கட்டியிருக்கிறார்கள், பாக்கி நிற்கிறது.

சேருவதற்கு முன் இபிஎஃப்ஓ தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் கட்டினார்கள் என்பது வரும். 25 பேர் இருக்கிறோம் என்பவர்கள் 6 பேருக்குக் கட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் சம்பளத்திலிருந்தே பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கான பிஎஃப்பை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையையும் பாருங்கள். அது காலாண்டுக் கணக்கு தாக்கலான பிறகுதான் தெரியும் என்பதால் பிஎஃப்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பேஸ்லிப்புகளை மாதாமாதம் உங்கள் சொந்தக் கணினியிலும் சேமித்து வையுங்கள். கம்பெனி மெயில் முடங்கிய அன்று அவை எல்லாம் போய்விடும். எங்களில் இருவருக்கு அப்படித்தான் ஆனது. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஆஃபர் லெட்டரும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கம்பெனி எவ்வளவு பிடித்தது என்பதை அந்த இருவரும் இப்போது நிரூபிக்க வேண்டியிருக்கிறது.