பிளாக்கிங் போட படகை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் போகாதீர்கள்

லண்டன் வாடகை கட்டி மாளவில்லை, பேசாமல் ஒரு கால்வாய்ப் படகு வாங்கிவிடலாமா என்று என்னிடம் கேட்கும் தமிழர்கள் நிறையப் பேர். ஆல்பர்ட்டன், சவுத்தால், ஹேய்ஸ் பக்கம் குடியிருந்தால் கிராண்ட் யூனியன் கால்வாய் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடும், ஆசை வராமல் எப்படி இருக்கும்? வாங்கலாம், தப்பில்லை. ஆனால் வாங்கிய பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வரும் ஒரு வேலையில், அதாவது படகின் அடியில் துருப் பிடிக்காமல் பூச்சு போடும் பிளாக்கிங்கில், ஒரு போட் யார்டு (படகைப் பழுதுபார்க்கும் இடம்) என்னை நன்றாக ஏமாற்றியது. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நேரோபோட் என்று சொல்லும் இந்தக் கால்வாய்ப் படகு ஒரு இரும்புப் பெட்டி. அகலம் ஏழடிக்குள் அடங்கும், ஏனென்றால் பழைய கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் குறுகலான லாக்குகள் (மதகுத் தொட்டிகள்) அவ்வளவுதான். என்னுடையது 57 அடி. நாட்டின் பெரும்பாலான கால்வாய்களில் நுழையக்கூடிய நீளம் என்பதால் அந்த அளவுக்கு மவுசு அதிகம். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கேபின் 4 என்பது வழக்கமான கணக்கு. வருடம் பூராவும் தண்ணீரில் நிற்கும் இந்த 6 மில்லிமீட்டரைத் துரு தின்னாமல் காப்பவை இரண்டு. ஒன்று, மேலே பூசும் தார் போன்ற பிட்டுமன் பூச்சு, அதாவது பிளாக்கிங். இன்னொன்று, முன்னாலும் பின்னாலும் பக்கத்துக்கு ஒன்றாக வெல்டிங் வைத்திருக்கும் ஆனோடு கட்டிகள். படகின் இரும்பு அரிபடுவதற்குப் பதிலாக அந்தக் கட்டி அரிபட்டுத் தேய்ந்துபோகும், அதற்காகத்தான் அது இருக்கிறது.

படகு வாழ்க்கையின் மற்ற தொல்லைகள் எல்லாம் தாமாகவே உங்களைக் கூப்பிடும். கழிவறையின் கழற்றி எடுக்கும் தொட்டியான கேசட் நிறைந்தால் மூக்குக்குத் தெரியும். கேஸ் தீர்ந்தால் காபி பாதியில் நிற்கும். புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் கிரீஸ் குறைந்தால் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும், ஒரு திருகு திருகினால் நிற்கும். பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் ஃப்ரிட்ஜ் கத்திச் சொல்லும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் இரும்பு மட்டும் வாயே திறக்காது. ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

சம்பவத்துக்கு வருகிறேன். நவம்பர் மாதம். கிராண்ட் யூனியனில் லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஒரு யார்டு. போனில் பேசிய ஆள் தேனாகப் பேசினார். படகை வெளியே எடுத்து, பிரஷர் வாஷ் செய்து, துருவைச் சுரண்டி, இரண்டு கோட்டு (அடுக்கு) பிட்டுமன், தண்ணீர் மட்டம் தொடும் தண்ணீர்க்கோட்டில் மட்டும் மூன்றாவது கோட்டு, நாலு புது மெக்னீசியம் ஆனோடு. எல்லாம் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் அது ஊர் விலைதான், அதனால் சந்தேகம் வர வழியில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "வேலை நடக்கும்போது சொந்தக்காரர் யார்டுக்குள் இருக்கக்கூடாது, எங்கள் இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் போய்விட்டு முடிந்ததும் வாருங்கள்." ஹாரோவில் அக்கா வீடு இருக்கிறது, நானும் மனைவியும் பெட்டியோடு அங்கே போய்விட்டோம். பிறகு விசாரித்ததில், எத்தனையோ யார்டுகளில் படகை மேலே ஏற்றி வைத்திருக்கும்போது ஏணி போட்டு உள்ளேயே குடியிருக்க விடுகிறார்கள். தாங்களே பூசிக்கொள்ள டாக்கை (படகைத் தண்ணீரில்லாமல் நிறுத்தும் இடத்தை) வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு.

திரும்பி வந்தபோது படகு ஏற்கெனவே தண்ணீரில் இருந்தது. "வெள்ளிக்கிழமை கிரேன் ஆள் சீக்கிரம் போய்விடுவான், அதனால் முன்னாடியே இறக்கிவிட்டோம்." தண்ணீருக்கு மேலே தெரியும் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டடி இருட்டு. பணம் கட்டினேன். ரசீதில் ஒரே வரி: "பிளாக்கிங் மற்றும் ஆனோடுகள்."

ஒன்றரை வருடம் போனது. படகுக்கு வயது முப்பது ஆகிறது, முழுக் காப்பீடு தொடர வேண்டுமானால் ஹல் சர்வே (படகின் இரும்பு உடம்பை நிபுணர் பரிசோதித்துத் தரும் அறிக்கை) கொடுங்கள் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. பழைய படகு வைத்திருப்பவர்களுக்கு இது வழக்கமாக வரும் கடிதம். வேறொரு இடத்தில் தூக்கினோம், நானே சர்வேயரை அமர்த்தினேன்.

பெல்ட்டில் தொங்கிக்கொண்டு படகு மேலே வந்தபோதே மனைவி "என்னங்க இது, தோல் உரிஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். சர்வேயர் பேசவில்லை. சுரண்டியை எடுத்துத் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே லேசாகத் தள்ளினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் செதில் அப்படியே கழன்று வந்தது. என் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் ஆரஞ்சு நிறத் துருப்பொடி, காய்ந்த பாசி, அதன் நடுவே நகம் அளவு ஒரு சிப்பி. சிப்பியைக்கூட எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள்! செதில் கழன்ற இடத்தில் ஒரு கோட்டின் கனம்தான் இருந்தது. இரண்டாவது கோட்டு கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு சாணுக்கு மட்டும் போயிருக்கிறது.

ஆனோடு விஷயம் இன்னும் மோசம். நாலும் இருந்தன, நாலும் கறுப்பு. சர்வேயர் ஒன்றைச் சுரண்டினார். உள்ளே பாதி தேய்ந்துபோன பழைய கட்டி. புதிதாக எதையும் வைக்கவில்லை, பழையதன் மேலேயே பிட்டுமன் அடித்துவிட்டார்கள். ஆனோடு வேலை செய்ய வேண்டுமானால் அதன் உலோகம் தண்ணீரைத் தொட வேண்டும். பெயின்ட் பூசினால் அது வெறும் எடை. பழையதை அப்படியே விட்டிருந்தால்கூட மிச்சமிருந்த பாதி எனக்கு உழைத்திருக்கும். காசையும் வாங்கிக்கொண்டு, இருந்த காவலையும் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

சர்வேயர் அல்ட்ராசவுண்டு மீட்டரை வைத்துத் தகட்டின் கனம் பார்த்தார். பெரும்பாலான இடத்தில் 5.5க்கு மேல், பரவாயில்லை. பின்பக்கம் தண்ணீர்க்கோட்டை ஒட்டிக் குழி குழியாக அரிப்பு. குழியின் அடியில் மிச்சம் ஒரு இடத்தில் 3.9. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக எதிர்பார்க்கும் குறைந்தபட்சம் 4 மில்லிமீட்டர். குழிகளை வெல்டிங்கால் நிரப்பி, ஓரிடத்தில் மேலே தகடு வைக்க வேண்டியதாகிவிட்டது. வெளியே வெல்டிங் வைத்தால் உள்ளே சுவரில் இருக்கும் ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் படுக்கைக்குக் கீழே மரப்பலகையை எல்லாம் கழற்றினோம். பிளாக்கிங்குக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு செலவு. அக்கா, "பணத்தைக் கொண்டுபோய்த் தண்ணியில கொட்டுறேன்னு அன்னைக்கே சொன்னேனேடா" என்று ஆரம்பித்தாள். அது தனிக் கதை.

யார்டுக்குப் போன் செய்தேன். முதல் பதில்: உங்கள் மரினாவின் (படகு நிறுத்துமிடத்தின்) கரண்டு இணைப்பால் வந்த அரிப்பு. இது சும்மா சொல்லும் சாக்கு என்று தள்ளவும் முடியாது. கரைக் கரண்டு மாட்டியிருக்கும்போது எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகோடு சேர்ந்து உங்கள் இரும்பு அரிபடுவது நிஜமாகவே நடப்பதுதான். ஆனால் அதைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் என் படகில் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்று சர்வேயர் எழுதியே கொடுத்திருந்தார். அடுத்த பதில்: "உங்களுக்கு போட் சேஃப்டி சர்டிபிகேட் இருக்கிறதே, பிறகு என்ன?" இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. நாலு வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் அந்தச் சான்றிதழ் கேஸ், எரிபொருள், ஒயரிங், தீப் பாதுகாப்பு, கார்பன் மோனாக்சைடு அலாரம் இவற்றைப் பார்க்கும். ஹல் கனத்தை அது தொடுவதே இல்லை. படகு விற்பவர்களும் இதே சர்டிபிகேட்டை ஆட்டிக் காட்டித்தான் "படகு ஜம்மென்று இருக்கிறது" என்பார்கள். வாங்கப் போகிறவர்கள் நம்பிவிடாதீர்கள். அதேபோல் விற்பவர் எடுத்து நீட்டும் சர்வே ரிப்போர்ட்டும் உங்களுக்கானது அல்ல. அதில் தப்பு இருந்தால் அந்தச் சர்வேயர் பொதுவாகத் தன்னை அமர்த்தியவருக்குத்தான் பதில் சொல்வார்.

என்னைக் காப்பாற்றியது, வாங்கும்போது நான் காசு கொடுத்து எடுத்த சர்வே. அதில் அதே பின்பக்கத்துக் குழிகளின் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்று இருந்தது. பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட், செதிலின் போட்டோ, சுரண்டிய ஆனோடின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து, வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பினேன். இங்கிலாந்தில் 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்து தர வேண்டும், அல்லது விலையைக் குறைக்க வேண்டும். 10,000 பவுண்டு வரை ஸ்மால் கிளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்குப் பிரிவில்) போடலாம், வக்கீல் இல்லாமலேயே. கடிதம் போனதும் "இலவசமாக மறுபடி பூசித் தருகிறோம்" என்றார்கள். அதே ஆட்களிடமா? முடியாது என்றேன். கடைசியில் பிளாக்கிங் பணம் முழுதும், ஆனோடு பணமும் திரும்பி வந்தன. வெல்டிங் செலவுக்குப் பத்துப் பைசா தரவில்லை. பழைய துருவுக்கும் புதுத் துருவுக்கும் எல்லை பிரித்துக் காட்டுவது கஷ்டம் என்று சர்வேயரே சொன்னதால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் இதையும் சொல்கிறேன். பூசுவதற்கு முன், பிரஷர் வாஷ் முடிந்த இரும்பை உங்கள் கண்ணால் பாருங்கள். முடியாவிட்டால் தேதியோடு போட்டோ கேளுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும். ரசீதில் என்ன பூச்சு, எத்தனை கோட்டு, ஆனோடு என்ன உலோகம் என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கால்வாய்த் தண்ணீருக்கு மெக்னீசியம்தான். துத்தநாகம் கடலுக்கு, நல்ல தண்ணீரில் அது மேலே படலம் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும். அடித்தகட்டுக்கும் பூசுவார்களா என்று கேளுங்கள், பாதிப் பேர் பூச மாட்டார்கள். எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு) அடித்துத் தருகிறேன், நீண்ட நாள் உழைக்கும் என்று யாராவது சொன்னால், பழைய பிட்டுமனை முழுக்க எடுத்து வெற்று இரும்புக்கு வந்த பிறகா என்று கேளுங்கள். பிட்டுமன் மேல் எபாக்ஸி நிற்காது. ஈரக் குளிரில், மழையில், மேலே கூரை இல்லாத இடத்தில் பூசுவதானால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் வந்து பார்க்கும்வரை படகைத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்று ஈமெயிலில் எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யார்டின் பெயரைக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். பணம் திரும்பத் தந்தபோது பெயரை வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் போகப்போகும் யார்டைச் சொல்லுங்கள், வேலை நடக்கும்போது சொந்தக்காரரை நிற்க விடுவார்களா என்று நானே போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்.