நனைந்த கார்த் திறப்பை யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்

தண்ணீரில் விழுந்த கார்த் திறப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது முடிந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும்” என்று சொல்லிப் பெருந்தொகை கறக்கும் ஆட்கள் வன்னியில் இருக்கிறார்கள். எங்களிடம் அவர்கள் வாங்கியது 73,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு எங்களுக்கு விற்றது எங்களுடைய திறப்பையேதான்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். கடை ஏ9 வீதியோரத்து நகரம் ஒன்றில் இருக்கிறது, தொலைபேசியில் கூப்பிட்டால் கருவிகளோடு வான் ஒன்றில் வருகிறார்கள் என்பது வரை சொல்லலாம். பெயரைவிட அவர்கள் செய்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். ஏனென்றால் இதே வேலையை வேறு பெயரிலும் செய்யலாம்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம் கடந்து முல்லைத்தீவுக்கு வந்ததும், கோயிலுக்குப் போக முன் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். தம்பி அவர்களோடு இறங்கினான். திறப்பு அவனுடைய காற்சட்டைப் பையில். ஒரு அலை இடுப்பு வரை வந்துவிட்டுப் போனது. கண்ணகி அம்மன் சந்நிதியில் உப்புத் தண்ணீரில் விளக்கு எரியும் என்பது நம்பிக்கை. ரொயோட்டா கொம்பனிக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

எங்களுடையது ரொயோட்டா அக்குவா கார். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வகை. யப்பானிலிருந்து வந்தபோது இரண்டு திறப்புகள் இருந்தன. இரண்டாவது திறப்பு கனடாவில். அண்ணா விடுமுறைக்கு வந்து நின்றபோது காரை ஓடிவிட்டு, போகும்போது அதைப் பைக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார். வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளில் இது புதிதல்ல.

திறப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புத் திறப்பால் கதவைத் திறந்துவிட்டோம். ஆனால் கார் உயிர் பெறவில்லை. முல்லைத்தீவு நகரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை ஒன்றில் இருந்த பையனிடம் கொடுத்தோம். இருபது வயதுக்கு மேல் இராது. ஓட்டைக் கழற்றி, முதல் வேலையாகப் பற்றரியை எடுத்தான். சேர்க்கிட்டின் இரண்டு பக்கத்தையும் தன் தொலைபேசியில் படம் பிடித்துத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். பற்றரித் தகட்டின் ஓரத்தில் பச்சை படரத் தொடங்கியிருந்ததைக் காட்டினான். கார் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரில் சேர்க்கிட்டைக் கழுவி, தொலைபேசிகளுக்குப் பாவிக்கும் அல்ககோலில் தூரிகை தோய்த்துத் துடைத்தான். பச்சை படர்ந்த இடத்தை மெல்லச் சுரண்டினான். “அக்கா, பின்னேரம் வரை காயட்டும். பற்றரி போட்டுப் பார்க்க அவசரப்படாதீர்கள்” என்றான். 500 ரூபாய் வாங்கினான்.

அதற்குள் தம்பி, நான் முதலில் சொன்ன ஏ9 வீதிக் கடைக்கு அழைப்பெடுத்திருந்தான். வான் வந்துவிட்டது.

வந்தவர்கள் இருவர். பேசியவருக்கு நடுத்தர வயது, பேச்சில் நல்ல பயிற்சி. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். சேர்க்கிட்டைக் கையில் வாங்கி, வெயிலில் பிடித்து ஒரு பார்வை. “உப்புத் தண்ணீர், அண்ணை. உள்ளே எல்லாம் தின்றுவிட்டது. இது இனிக் குப்பை.” இவ்வளவையும் ஒரு சோதனையும் செய்யாமலே சொன்னார். தொலைபேசியில் சொன்ன விலை 35,000. நேரில் வந்ததும், உயிருள்ள திறப்பு ஒன்றுகூட இல்லாததால் காரின் கணினியையே அழித்து எழுத வேண்டும், அதற்கு 65,000 என்றார். வந்து போன செலவு தனியாக 8,000.

இருட்டப் போகிறது, வயதான அம்மா காருக்குள், பிள்ளைகள் பசியில், வீடு ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால். லொறியில் ஏற்றிக் கிளிநொச்சி கொண்டுபோக என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைக் கொழுவினார்கள். “சிக்னல் குழம்பும், தள்ளி நில்லுங்கள்” என்று எங்களை ஒதுக்கினார்கள். மற்றவர் பழைய திறப்போடு வானுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல நேரம் கழித்துப் புத்தம்புதுத் திறப்பு ஒன்று வந்தது. கார் ஸ்டார்ட் ஆனது. “பழைய பதிவெல்லாம் அழித்தாகிவிட்டது, இனி இந்த ஒரு திறப்புதான் வேலை செய்யும்” என்றார்கள். இந்த ஒரு வசனத்தை நினைவில் வையுங்கள். பழையதைத் தரச் சொன்னேன். கழிவு, வீசிவிட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டு கேட்டேன். தாளொன்றில் “கீ 1” என்று எழுதி, ஒரு தொலைபேசி இலக்கமும் தொகையும் போட்டுத் தந்தார்கள். முத்திரை இல்லை, திகதியும் நான் சொல்லித்தான் எழுதினார்கள்.

சில கிழமைகளில் புதுத் திறப்பின் பூட்டும் பொத்தான் சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. நாலு தரம் அழுத்தினால் ஒரு தரம் கேட்கும். அழைத்துச் சொன்னால், பற்றரி பலவீனம் என்றார்கள். பற்றரி மாற்றியும் அதே கதைதான். புதுப் பொருள் இப்படி நடக்குமா என்று தம்பியிடம் கேட்டபோது, “விடுங்கள் அக்கா, கார் ஓடுகிறதுதானே” என்றான்.

ஆடி மாதம் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் அண்ணா தன் கையிலிருந்த திறப்பைக் கொடுத்து அனுப்பினார். அது இனி வேலைக்கு உதவாது, பதிவு அழிந்துவிட்டது என்று நினைத்து மேசைக்குள் போடப்போனேன். ஒரு குறுகுறுப்பில் காருக்கு எடுத்துப் போனேன். கதவு திறந்தது. பொத்தானை அழுத்தினேன், கார் ஸ்டார்ட் ஆனது.

உண்மையாகவே பழைய பதிவுகளை அழித்துப் புதிதாக எழுதியிருந்தால், அண்ணாவின் திறப்பை அந்தக் கார் அடையாளமே கண்டிருக்காது. அப்படியானால் அன்றைக்குக் கணினியில் ஒன்றும் அழிக்கப்படவில்லை. ஒன்றும் அழிக்காமல், எழுதாமல் ஒரு திறப்பு வேலை செய்கிறதென்றால் அது ஏற்கெனவே பதிந்திருந்த திறப்பாகத்தான் இருக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் அந்தப் பையன் அனுப்பிய படங்கள் அப்படியே இருந்தன. “புது”த் திறப்பின் ஓட்டைத் திறந்தோம். சேர்க்கிட்டில் அச்சிட்டிருந்த இலக்கம் அதே இலக்கம். பற்றரித் தகட்டு மூலையில் அவன் சுரண்டிய கீறல் அதே கீறல். பூட்டும் பொத்தானின் காலடியில் பச்சை மறுபடி பூத்திருந்தது. பையன் கழுவி உயிர் கொடுத்த சேர்க்கிட்டை, அது காய்ந்ததும், கடைத்தெருவில் விற்கும் வெற்று ஓடொன்றுக்குள் போட்டுப் புதுப் பற்றரி வைத்துத் தந்திருக்கிறார்கள். வேலை செய்தவனுக்கு 500, அதை விற்றவர்களுக்கு 73,000. எனக்கு எரிச்சல் மூட்டுவது தொகையைவிட இந்தக் கணக்குத்தான்.

சந்தேகமே இருக்கக் கூடாது என்று கிளிநொச்சியில் வேறொரு மின்னியல் திருத்துநரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்கானரைக் கொழுவி, பதிந்துள்ள திறப்புகளின் எண்ணிக்கையைத் திரையில் காட்டினார். இரண்டு. யப்பானிலிருந்து வந்த அதே இரண்டு.

அவர் எடுத்துச் சொன்ன சில விடயங்கள் எல்லாருக்கும் பயன்படும். இத்தகைய திறப்புக்குள் காரோடு பேசும் சில்லு ஒன்று இருக்கிறது. கதவைத் தூரத்திலிருந்து திறக்கவும், திறப்பைப் பையில் வைத்தபடியே ஸ்டார்ட் செய்யவும் பற்றரி தேவை. ஆனால் திறப்பைக் காரின் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால், பற்றரியே இல்லாமலும் அந்தச் சில்லைக் கார் வாசிக்கும். சில்லுக்கு வேண்டிய சக்தியைக் காரே கொடுக்கிறது. அக்குவாவில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பின் ரொயோட்டா சின்னமுள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்ட வேண்டும். ‘பீப்’ என்று ஒலித்தால் சில்லு உயிரோடு இருக்கிறது. உடனே பொத்தானை அழுத்தினால் கார் ஸ்டார்ட் ஆகும். எங்களிடம் வந்தவர்கள் ஒரு நிமிடம் எடுக்கும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை, எங்களைச் செய்யவும் விடவில்லை. நன்றாகக் காய்ந்த திறப்பில் இதைச் செய்து காட்டாமல் ஒருவர் “முடிந்துவிட்டது” என்றால், அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

உப்புத் தண்ணீர் திறப்பைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. கெடுக்கும், மிக வேகமாகவும் கெடுக்கும். பற்றரி உள்ளே இருக்கும் வரை மின்சாரம் உப்புத் தண்ணீருக்குள்ளால் ஓடிச் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டே இருக்கும். மூன்று வோல்ட் போதும். ஆகவே திறப்பு நனைந்த அந்த இடத்திலேயே, நகத்தாலோ நாணயத்தாலோ ஓட்டைப் பிளந்து பற்றரியை எடுத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுதான் கெடுதல். கடல் தண்ணீரென்றால் நல்ல தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். காய்ந்தாலும் உப்பு உள்ளேயே நிற்கும், அடுத்த மழை ஈரத்தில் மறுபடி அரிக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை படியும் என்பதால் வடித்த தண்ணீர் நல்லது. அரிசிப் பேணிக்குள் புதைக்கும் வைத்தியம் உப்பை எடுக்காது, மாத்தூளைத்தான் உள்ளே சேர்க்கும். தலைமயிர் உலர்த்தும் சூட்டுக் காற்றும் வேண்டாம், நிழலில் காற்றுப்படட்டும்.

இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ குளத்துத் தண்ணீரில் விழுந்தது என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அதே வேலையைச் செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். எல்லாத் திறப்புகளும் தொலைந்த காருக்குப் புதிதாக எழுதுவது உண்மையாகவே கடினமான வேலை, அதற்கு விலை அதிகம்தான். ஒரு திறப்பு கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது அதைவிட மிகவும் மலிவு. வீட்டில் இப்போது ஒரே திறப்புதான் இருக்கிறது என்பவர்கள் அது தொலைவதற்கு முன்பே இரண்டாவதைச் செய்து வைத்தால் இந்தத் தொழிலின் பாதி ஏமாற்று அடிபட்டுப்போகும். செய்யும்போது, வேலைக்கு முன்னும் பின்னும் பதிவு எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கூடியிருந்தால், உங்கள் காருக்கு இன்னொரு திறப்பு யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது.

பழைய திறப்புகளை மினுக்கி விற்பது இன்னொரு வகை. 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 இல் மறுபடி திறக்கும் வரை, ஓடிய கார்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். உதிரிகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டில் உடைத்த கார்களின் பாகங்களுக்கும் கிராக்கி வந்தது. ரொயோட்டாவின் இந்த வகைத் திறப்பு ஒரு காரில் பதிந்தால் அந்தக் காரோடு பூட்டப்பட்டுவிடும். அதைத் தனிக் கருவியால் விடுவித்தால்தான் இன்னொரு காருக்கு எழுதலாம். விடுவித்த பழையதை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதைப் பழைய பொருளுக்குரிய விலைக்கு விற்க வேண்டும். ஓடு பளபளப்பதைப் பார்த்துப் புதியது என்று நம்பாதீர்கள். உங்கள் முன்னால் திறந்து சேர்க்கிட்டைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை, குப்பை என்றாலும், கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி முறைப்பாடு. கடைக்காரர்களிடம் படங்களைக் காட்டிப் பேசியபோது முதலில் மறுத்தார்கள், பிறகு “அடுத்த திறப்புக்கு விலைக்கழிவு தருகிறோம்” என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்தோம். அதன் உடனடி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். வைகாசியில் ஏமாந்து ஆடி கடைசியில் கண்டுபிடித்த எங்களுக்கு அந்த எல்லை மயிரிழையில் தப்பியது. சந்தேகம் வந்தால் ஆற அமர இருக்காதீர்கள். விற்பனையாளர் பற்றுச்சீட்டு கேட்டால் தரக் கடமைப்பட்டவர். எங்களுடைய அந்தத் துண்டுத் தாளைக்கூட அதிகாரி பத்திரமாகப் பிரதி எடுத்துக்கொண்டார். திகதி எழுத வைத்தது நல்லதாகப் போயிற்று.

முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களில் இந்த ஆண்டு தண்ணீர் பட்ட திறப்பைக் கொடுத்து, வான் ஒன்றில் வந்தவர்களிடம் “புதிது” வாங்கியவர்கள் யாராவது இருந்தால், ஓட்டைத் திறந்து சேர்க்கிட்டின் மூலைகளைப் பாருங்கள். பச்சையோ, வெள்ளைப் பூப்போ, கழுவிய தடமோ தெரிந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் முடிய முன் முறைப்பாடு எழுதுங்கள். ஒரு வீட்டின் கடிதத்தைவிட நாலு வீட்டின் கடிதத்துக்குக் கனம் அதிகம்.