ஹீட் பம்ப் ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்ற பெயரில் 1,46,000 ரூபாய் போனது: லாட்ஜ், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் படியுங்கள்

பழனி அடிவாரத்தில் 28 ரூம் உள்ள லாட்ஜ் நடத்துகிறேன். வெந்நீருக்கு மாடியில், வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீரில் ஏற்றும் ஒரு ஹீட் பம்ப்பும் 2000 லிட்டர் டேங்கும் இருக்கின்றன. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வர ஆரம்பித்தால் தைப்பூசம், பங்குனி உத்திரம் வரை ஓய்வு கிடையாது. மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்களும் விடியற்காலையில் மலை ஏறுகிறவர்களும் ரூமுக்குள் நுழைந்ததும் கேட்பது வெந்நீரைத்தான். அந்த மெஷின் இப்போது செத்துக் கிடக்கிறது. 1,46,000 ரூபாயும் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்றாலும் நம்பர் தரும் ஆன்லைன் தளங்கள் இருக்கின்றன இல்லையா, அப்படி ஒன்றில்தான் இந்த சர்வீஸ்காரர் கிடைத்தார். பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று முத்திரை, கீழே ஐந்து நட்சத்திரங்கள். போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் தளத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் இப்போது போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அவரை ஏன் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடமும் இப்படித்தான் வருவார்கள். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மாடிக்கு வந்ததும் குழாய் முனையில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "அண்ணா, உங்க போர் தண்ணி கடினத் தண்ணி. இந்தச் சுண்ணாம்புதான் உள்ளே, சூட்டைத் தண்ணிக்கு மாத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர்லயும் படியும். படிஞ்சா சூடு தண்ணிக்குப் போகாது, பிரஷர் ஏறும், கம்ப்ரசர் திணறும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆசிட் ஓட்டி அதைக் கரைச்சு எடுக்கணும், டீஸ்கேலிங் பண்ணியே ஆகணும்" என்றார். தண்ணீரை வடிகட்டும் ஒய் ஸ்ட்ரெய்னரைக் கழுவ வேண்டும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் இருக்கும் ஆனோட் ராடைக் கழற்றிப் பார்க்க வேண்டும், காயில் ஃபின்னில் சேரும் தூசியைச் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்சைச் சோதிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. வேலை முடிந்த பிறகுதான் டீ கூடக் குடித்தார். "கம்ப்ரசர் உட்பட எல்லாம் அடக்கம் அண்ணா, நடு ராத்திரி கூப்பிட்டாலும் வருவேன்" என்றார். வருஷத்துக்கு 42,000 ரூபாய் கொடுத்தேன். ஒப்பந்தத்தை கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார்.

அப்புறம் அவர் வரவில்லை, பையன்கள்தான் வந்தார்கள். காயில் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள், சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவார்கள், போய்விடுவார்கள். இடையில் இரண்டு தடவை "கேஸ் குறைஞ்சிருக்கு" (ஃப்ரிட்ஜ், ஏசி மாதிரி மெஷினுக்குள் சுற்றும் கேஸ்) என்று சொல்லி 11,000, 11,000 என்று 22,000 ரூபாய் வாங்கினார்கள். மார்கழி பிறந்ததும் மெஷின் ஹை பிரஷர் காட்டி அடிக்கடி டிரிப் ஆனது. ஒரு நாள் விடியற்காலையில் மொத்தமாக நின்றுவிட்டது. கம்ப்ரசர் எரிந்துவிட்டதாம். எல்லாம் அடக்கம் என்றீர்களே என்று கேட்டதற்கு, அதுவரை கண்ணிலேயே காட்டாத ஒப்பந்தத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அதில் 'கம்ப்ரசர், பிசிபி, கேஸ் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருந்தது (பிசிபி என்றால் எலக்ட்ரானிக் போர்டு). சீசன் தலைக்கு மேல் நிற்கிறது, என்ன செய்வது? கம்ப்ரசருக்கு 82,000 ரூபாய் போட்டேன். ஒரே வாரத்தில் வந்துவிடும் என்றார்கள்.

கம்ப்ரசர் வரவே இல்லை. முதலில் "லாரியில் ஏற்றியாச்சு சார்" என்றார்கள். பிறகு "குடோனில் ஸ்டாக் இல்லை, சென்னையில் இருந்து வரணும்". அதற்கப்புறம் "ஓனர் ஆஸ்பத்திரியில் இருக்கார்". இப்போது போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை, வேறு நம்பரில் இருந்து அடித்தால் என் குரலைக் கேட்டதும் கட் செய்கிறார்கள். அந்தத் தளத்தின் கஸ்டமர் கேரிலோ, "நாங்கள் நம்பர் மட்டும்தான் கொடுக்கிறோம் சார், வேலைக்கு நாங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்கள். அப்படியானால் அந்த முத்திரை எதற்கு? எதைச் சரிபார்த்தார்கள்? அதைக் கேட்டால் டிக்கெட் எண் கொடுத்துவிட்டு லைனை வைத்துவிடுகிறார்கள். என் 1,46,000 ரூபாய்க்கு இவர்கள் தருகிற பதில் அந்த டிக்கெட் எண்தான்.

கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து வயதான ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கத்தில் உட்கார்ந்தவர், குழாயை அதோடு இணைக்கும் யூனியன் நட்டைத் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க, கம்பெனி அடிச்ச பெயின்ட் அப்படியே இருக்கு. இதைக் கழட்டாம ஆசிட் எப்படி ஓட்டியிருப்பான்?" டீஸ்கேலிங் ஒரு தடவை கூட நடக்கவில்லை. ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் வெள்ளைக் கட்டி அடைத்துக் கிடந்தது. தண்ணீர் சரியாக ஓடாமல், சூடு இறங்க வழி இல்லாமல் கம்ப்ரசர் அத்தனை நாளும் வெந்திருக்கிறது.

அவர் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார். சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் கம்ப்ரசருக்குள் போகும் கேஸின் அழுத்தமும் (சக்‌ஷன் பிரஷர்) வெளியே வரும் கேஸின் அழுத்தமும் (ஹெட் பிரஷர்) மாறவே இல்லை, வெளிக்காற்றின் வெப்பம்கூட ஒன்றுதான். வெளிக்காற்றில் இருந்து சூட்டை உறிஞ்சும் மெஷினில் அப்படி வரவே வராது. அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டாமலே எழுதியிருக்கிறார்கள்.

கேஸ் விஷயம் இன்னும் மோசம். அது மூடிய சுற்று, பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கேயோ லீக் என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்து லீக்கைக் கண்டுபிடித்து, அடைத்து, வேக்யூம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, மெஷின் மேல் இருக்கும் பிளேட்டில் போட்டிருக்கும் எடைக்கு தராசு வைத்து ஏற்ற வேண்டும். இவர்கள் தராசையே கொண்டு வரவில்லை. வேலை நடக்கிறது என்று காட்ட எங்கள் ரூம் பையன் அன்றைக்கு எனக்கு அனுப்பிய போட்டோவில், ஓரத்தில் நிற்கும் சிலிண்டரில் ஆர்22 என்று எழுதியிருக்கிறது. மெஷினின் பிளேட்டில் இருப்பது ஆர்410ஏ, அது வேறு வகை கேஸ். இரண்டும் ஓடும் அழுத்தமே வேறு, ஆயிலும் வேறு. கலந்துபோன கேஸ் இனி எதற்கும் உதவாது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுற்றையே கழுவ வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவு 1,46,000 ரூபாயில் சேராது, தனி.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை. ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பணத்தைக் கம்பெனி அக்கவுன்டுக்கு மட்டும் போடுங்கள், என்னிடம் தனி ஆளின் ஜிபே நம்பரைத்தான் கொடுத்தார்கள். டீஸ்கேலிங் என்றால் யூனியனைக் கழற்றுவதில் இருந்து பக்கத்தில் ஆளை நிறுத்துங்கள். லீக்கைக் காட்டாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள், சிலிண்டரையும் பிளேட்டையும் சேர்த்து போட்டோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பழனி, உடுமலை, ஒட்டன்சத்திரம் பக்கம் இதே மாதிரி யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம். கீழே விறகு வண்டி வந்து நிற்கிறது, அண்டாவில்தான் இப்போது வெந்நீர் வைக்கிறோம். நான் போக வேண்டும்.