நந்தியாவட்டையா, இட்லிப்பூவா?

வீட்டு முகப்பில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்க வேண்டும், பூஜைக்குப் பூவும் வேண்டும் என்றால், நம் ஊரில் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான். பூத்திருக்கும்போது குழப்பமே இல்லை. நந்தியாவட்டையின் வெள்ளைப் பூவில் ஐந்து இதழ்கள் காற்றாடிபோல் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். இட்லிப்பூ என்கிற வெட்சியில் நாலிதழ்ச் சிறு பூக்கள் கொத்தாக நிற்கும். பூவில்லாத காலத்தில் ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் நந்தியாவட்டை. அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. வெட்சியில் பால் வராது. இலை தடிப்பாக, காம்பே இல்லாததுபோல் தண்டை ஒட்டியிருக்கும்.

வளர்ந்த செடியை இடம் மாற்றுவதில் என் ஓட்டு நந்தியாவட்டைக்கே. இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் பருவம் இரண்டுக்குமே கிடையாது. வேர் அறுந்த பிறகும் இலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் ஐப்பசி மழை பிடித்த பின், மாலையில் செய்வது நல்லது. மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே செடியைச் சுற்றி வட்டமாக மண்வெட்டியை இறக்கி வேரை வெட்டிவிட்டால் உள்ளே புது வேர் விடும். பெயர்க்கும் நாளில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கழித்து, வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டித் தூக்குங்கள். பழைய ஆழத்திலேயே நட்டு, சில நாள் தென்னங்கீற்று நிழல் கொடுங்கள். நந்தியாவட்டை இதைத் தாங்கித் துளிர்த்துவிடும். தவறினாலும் வெட்டிய கிளைகளைக் குச்சிகளாக நட்டு வேர்விட வைக்கலாம். முதிர்ந்த வெட்சியை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழியத் தொடாதீர்கள்.

பராமரிப்பிலும் வெட்சிதான் மண் பார்க்கும். கேரளத்தின் செம்புறை மண்ணில் அது செழிப்பதற்குக் காரணம் அங்குள்ள அமிலத்தன்மை. இங்கே மண்ணைக் காரமாக்கும் சிமெண்ட் சுவர் ஓரத்தில் நட்டு, உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஊற்றினால், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். யூரியா போட்டுப் பயனில்லை. மக்கிய தொழுவுரம் இட்டு, மழைநீர் பாய்ச்சி, அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மிக நீர்க்கக் கரைத்து இலையில் தெளித்தால் மெல்லத் தேறும். சுவரோரத்தைத் தவிர வேறு இடமில்லாதவர்கள் வெட்சி மீதான ஆசையை விட்டுவிடுவதே செடிக்குச் செய்யும் நன்மை.

நந்தியாவட்டைக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. ஆனால், தலைப்பக்கம் நீலக் கண்போன்ற புள்ளியுடன் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு வரும். கிளை மொட்டையாவதற்குள் கையால் எடுத்துவிட வேண்டும். மருந்து தேவையில்லை.