நான்கு டிஸ்க் ரெய்டு பெட்டியோடு ஆறு வருடம்

ஆறு வருடமாக என் எடிட்டிங் மேசைக்குக் கீழே ஒரு ரெய்டு பெட்டி, அதாவது பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் பெட்டி, ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பிக்கும் அமைப்பு), பெட்டிக்குள்ளேயே அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர், 10 ஜிகாபிட் யுஎஸ்பி-சி இணைப்பு. நேர்காணல்கள் நிறைந்த ஆவணப்படங்களைத் தொகுப்பது என் வேலை. இந்த ஆறு வருடத்தில் ஒரு டிஸ்க் செத்தது, பெட்டியின் பவர் அடாப்டர் போனது, ஒரு நாள் என் கையாலேயே ஒரு ஃபோல்டர் முழுக்க அழிந்தது. வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் வேகத்தை மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், டிஸ்க் போகிற அன்று அந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். 4கே யுஎச்டி, விநாடிக்கு 25 ஃபிரேம், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற எடிட்டிங் வீடியோ வடிவம் என்றால் விநாடிக்குச் சுமார் 737 மெகாபிட். எட்டால் வகுத்தால் 92 மெகாபைட். மூன்று கேமரா நேர்காணலை மல்டிகேமில் (எல்லாக் கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது) போட்டால் ஏறக்குறைய 276 மெகாபைட். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒன்று காலியாக இருக்கும்போது விநாடிக்கு 200 முதல் 250 மெகாபைட் வரை தரும்; ஆனால் ஒரே நேரத்தில் மூன்று ஃபைலுக்கு அதன் படிக்கும் முனையான ஹெட் தாவ வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ரெய்டு 5-இல் எனக்குப் புதிதில் 650 மெகாபைட் வரை படித்தது. 10 ஜிகாபிட் யுஎஸ்பி நடைமுறையில் 1000 மெகாபைட் அளவுக்குத் தாங்கும். ஆக, சுழலும் டிஸ்க் நான்குக்கு 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் தேவையே இல்லை. எட்டு டிஸ்க் பெட்டி அல்லது முழுக்க எஸ்எஸ்டி என்றால் பேச்சு வேறு. கேமராவிலிருந்து வரும் 100 மெகாபிட் எச்.264 (மிகவும் சுருக்கப்பட்ட வீடியோ) ஃபைல்களை அப்படியே வெட்டுபவர்களுக்கோ ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 12.5 மெகாபைட் போதும். அங்கே திணறுவது புராசஸர், டிஸ்க் இல்லை.

இரண்டாம் வருடம் ஒரு நாள் திடீரென்று எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் நின்று நின்று ஓடியது. வேகத்தை அளந்தால் 40 மெகாபைட்கூட வரவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் அதையே துருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மேசையைச் சுத்தம் செய்தபோது போன் சார்ஜ் செய்யும் கேபிளைச் செருகியிருக்கிறேன். முனை ஒன்றேதான், ஆனால் உள்ளே யுஎஸ்பி 2 கம்பிகள் மட்டும். அன்றிலிருந்து பெட்டியோடு வந்த கேபிளின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

கொள்ளளவு விஷயத்தில் புதியவர்கள் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு எட்டு 32. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு (தொலைந்த தரவை மீட்க உதவும் கணக்கு) போய்விடும், மிச்சம் 24 டெராபைட். விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுவதால் அது 21.8 என்று தெரியும். அதையும் முழுக்க நிரப்பக் கூடாது. டிஸ்க்கின் வெளிவட்டம் வேகமானது, உள்ளே போகப்போக வேகம் குறையும். என் பெட்டி 85 சதவீதம் நிரம்பியபோது அதே 650 சுமார் 480 ஆனது. அதனால் 18.5-க்கு மேல் நான் போவதில்லை. நான் சொன்ன புரோரெஸ் கணக்கில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 332 ஜிகாபைட். அதாவது சுமார் 60 மணி நேர ஃபுட்டேஜ். ஒரு நீளமான ஆவணப்படத்துக்கு அது சரியாக இருக்கும். இரண்டு படம் ஒரே நேரத்தில் என்றால் நெருக்கடிதான்.

சரி, அந்த டிஸ்க் செத்த கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் வருடம், ஒரு படத்தை ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. இரவு பதினோரு மணிக்குப் பெட்டி கீச்சிட ஆரம்பித்தது. டிஸ்க் செருகும் தட்டுகளில் மூன்றாவதில் சிவப்பு விளக்கு. ஆனால் டைம்லைன் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் மந்தமாக. பாரிட்டியின் வேலை இதுதான். 5, 3, 9 என்று மூன்று எண்களை மூன்று டிஸ்க்கில் எழுதி, கூட்டுத்தொகை 17-ஐ நான்காவதில் எழுதி வைத்தால், நடுவில் ஒன்று காணாமல் போனாலும் மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் நடப்பது கூட்டல் இல்லை, எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கு, தத்துவம் ஒன்றேதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இன்னொரு டிஸ்க் போனால் எல்லாமே போய்விடும்.

என்னிடம் மாற்று டிஸ்க் இல்லை. வாங்கி வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நடந்துகொண்டிருந்த படத்தின் ஃபுட்டேஜை மட்டும் ஒரு தனி டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டே இருந்தேன். புது டிஸ்க்கைச் செருகியதும் ரீபில்டு, அதாவது செத்த டிஸ்க்கின் தரவைப் புதியதில் மீண்டும் எழுதும் வேலை, தானாகத் தொடங்கியது. 8 டெராபைட்டை விநாடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே 12 மணி நேரம் ஆகும். பெட்டி 14 மணி நேரம் என்று காட்டியது. நான் நடுநடுவே எடிட்டிங்கும் செய்ததால் 31 மணி நேரம் பிடித்தது.

அந்த 31 மணி நேரத்தில் மற்ற மூன்று டிஸ்க்கும் முதல் செக்டாரிலிருந்து (தரவு எழுதப்படும் சிறு துண்டு) கடைசி செக்டார் வரை படிக்கப்படுகின்றன. சாதாரண டிஸ்க்குகளின் தகவல் தாளில், ஒரு கோடி கோடி பிட்டுகளைப் படித்தால் அதிகபட்சம் ஒரு இடத்தில் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். கோடி கோடி பிட் என்பது 12.5 டெராபைட். நான் படிக்க வேண்டியதோ 24. நடைமுறையில் டிஸ்க்குகள் அந்த வரம்பைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, என்னுடையதும் தப்பித்தது. ஆனால் ரீபில்டு முடிந்த மறுநாள் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தால், இன்னொரு டிஸ்க்கில் பெண்டிங் செக்டார் (படிக்கத் திணறும் இடங்கள்) எண்ணிக்கை சுழியத்திலிருந்து 16 ஆகியிருந்தது. அதையும் உடனே மாற்றினேன். நான்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை, வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே தேய்கின்றன. இப்போது வாங்கினால் இரண்டிரண்டாக, வேறு வேறு சமயத்தில் தயாரானவையாகப் பார்த்து வாங்குவேன்.

எந்த வகை டிஸ்க் என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எஸ்எம்ஆர் என்ற வகையில், கூரையில் ஓடு வேய்வது போலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். ஒன்றைத் திருத்தி எழுத, பக்கத்தில் இருப்பவற்றையும் எழுத வேண்டிவரும். தனி டிஸ்க்காக வைத்து, எழுதிவிட்டு அலமாரியில் வைக்க அது பரவாயில்லை. ரீபில்டு சமயத்தில் அது தவழும். சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் நாஸ் வகை டிஸ்க், அதாவது பல டிஸ்க் பெட்டிகளுக்கென்றே செய்யப்பட்டது, போதும். அப்புறம், நாஸ் வகை டிஸ்க் படிக்க முடியாத இடத்தில் சுமார் 7 விநாடி முயன்றுவிட்டுக் கைவிடும். மற்றதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க் மணிக்கணக்கில் இல்லாவிட்டாலும் நிமிடக்கணக்கில் போராடும். அதற்குள் கன்ட்ரோலர் அது செத்துவிட்டதாக நினைத்து வெளியே தள்ளிவிடும்.

நான்காம் வருடம் நடந்தது இன்னும் மனதை அறுக்கிறது. இடம் போதாமல் பழைய எக்ஸ்போர்ட்டுகளை அழித்துக்கொண்டிருந்தேன். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால், நடந்துகொண்டிருந்த படத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டேன். நான்கு டிஸ்க்கும் பச்சை விளக்கோடு நன்றாக இருந்தன. அழி என்றதும் நான்கும் ஒழுங்காக அழித்தன. டிஸ்க் சாவதிலிருந்து மட்டும்தான் ரெய்டு காப்பாற்றும், நம் கை செய்வதிலிருந்து இல்லை. பேக்கப் டிஸ்க்கில் பெரும்பாலானவை இருந்தன, ஆனால் அது பன்னிரண்டு நாள் பழையது. அதற்குப் பிறகு எடுத்த ஒரு முதியவரின் நேர்காணலில் இரண்டாவது கேமராவின் ஃபுட்டேஜ் திரும்பக் கிடைக்கவே இல்லை. மெமரி கார்டையும் ஃபார்மேட் செய்திருந்தேன். அவர் பேசும்போது கைகளைக் காட்டிய காட்சிகள் முழுக்க அந்தக் கேமராவில்தான் இருந்தன.

இப்போது என் வழக்கம் இது: கார்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு நகல், ஒன்று பெட்டிக்கு, இன்னொன்று தனி டிஸ்க்குக்கு. செக்சம் (நகலும் மூலமும் ஒன்றேதானா என்று காட்டும் கணக்கு) சரிபார்க்கும் நகல் மென்பொருளில்தான் செய்கிறேன். மூன்றாவது நகல் வேறு கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்கிறேன். பெட்டி வாங்க ஒதுக்கிய பணத்தில் இந்த இரண்டு நகலுக்கும் சேர்த்து இடமில்லை என்றால், சின்னப் பெட்டியாக வாங்கலாம். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

ஐந்தாம் வருடம் ஒரு காலையில் பெட்டி விழிக்கவே இல்லை. அடாப்டரா, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பலகையா என்று தெரியாத அந்த ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. காரணம், பெட்டிக்குள்ளேயே ரெய்டு செய்யும் வகையில் டிஸ்க்குகளில் எழுதும் முறை அந்தக் கன்ட்ரோலருக்கே உரியது. டிஸ்க் நான்கும் நல்ல நிலையில் இருந்தாலும், வேறு பெட்டியில் போட்டால் வெறும் டிஸ்க்காகத்தான் தெரியும். அடாப்டர்தான் போயிருந்தது, நல்ல வேளை. வாங்குவதற்கு முன், அந்த மாடலின் அடாப்டரும் தட்டும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பார்த்து, அடாப்டர் ஒன்றை அன்றே கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை நான் மென்பொருள் ரெய்டு பக்கம் போவேன் என்றுதான் நினைக்கிறேன். அதில் ரெய்டு வேலையைக் கணினியின் மென்பொருளே செய்யும், பெட்டி வெறும் கூடு. கூடு போனால் வேறு கூட்டில் செருகி, அதே மென்பொருள் உள்ள கணினியில் திறந்துவிடலாம். மேக்கில் கூடவே வரும் டிஸ்க் யூட்டிலிட்டி ரெய்டு நிலைகளில் 0 (தரவைப் பிரித்து எழுதுவது), 1 (ஒன்றின் நகலை இன்னொன்றில் வைப்பது) ஆகியவற்றைத்தான் தரும். 5 வேண்டுமென்றால் சாஃப்ட்ரெய்டு போல ஒரு மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும். ரெய்டு 0 பக்கம் தற்காலிக கேஷ் (மென்பொருள் தானே உருவாக்கும் இடைக்கால ஃபைல்கள்) தவிர வேறெதற்கும் போகாதீர்கள். ஒரு டிஸ்க் போனாலே அத்தனையும் போகும். ஆறு டிஸ்க்குக்கு மேல் போனால் இரண்டு டிஸ்க் சாவைத் தாங்கும் ரெய்டு 6 சரியான தேர்வு.

சத்தத்தைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. நான்கு டிஸ்க்கும் விசிறியும் சேர்ந்து எழுப்பும் முனகல், ஒலி திருத்தும்போது நேர்காணலின் மௌனங்களில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பெட்டியைக் கீழே இறக்கி ரப்பர் விரிப்பின்மேல் வைத்தேன். கீழே தூசி அதிகம். ஒரு தடவை டிஸ்க் வெப்பம் 52 டிகிரிக்கு ஏறி, விசிறியைத் துடைத்ததும் 41-க்கு இறங்கியது. மின்சாரம் போனால் பாதி எழுதிய தரவும் பாரிட்டியும் பொருந்தாமல் போகும் என்பதால் யுபிஎஸ் முதல் நாளிலிருந்தே உண்டு. என் எடிட்டிங் மென்பொருளான ரிசால்வின் கேஷையும் பிராக்ஸியையும் (எடிட்டிங்குக்கான சிறிய நகல் ஃபைல்கள்) ஒரு 2 டெராபைட் எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு பெட்டிக்கு வேலை பாதியானது. டைம்லைனில் நான் உணர்ந்த மிகப் பெரிய வேக மாற்றமும் அதுதான்.

மாதத்தின் முதல் நாள் நான்கு டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். முதலில் வாங்கியவற்றில் மிஞ்சிய இரண்டும் 20,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன, பெண்டிங் செக்டார் எண்ணிக்கை இன்னும் சுழியம்தான். அவற்றுக்கு மாற்றாக ஒரு டிஸ்க் அலமாரியில் காத்திருக்கிறது. வாங்கியவுடன் அதை ஒரு முறை முழுக்க எழுதி, முழுக்கப் படித்து, பிழை இல்லை என்று பார்த்த பிறகே உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன்.